முதுகில் மா பூசிய கள்ளர்கள்

கட்டுக்கலையில் பேராதனை ரோட்டிலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்தில் கத்தரீனாவின் வாயை அறியாதவர் கிடையாது. அந்த வாய்க்கு அடுத்தபடியாகப் பேர் போனது அவளுடைய இடியப்பம். அதற்கும் அடுத்தபடியாக, அவளுடைய குசினிச் சுவரில் குடியிருந்த கொசுத்தேனீக்கள்.

மண்சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பென்சில் பருமனில் ஒரு மெழுகுக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயைச் சுற்றி எந்நேரமும் ஏழெட்டுக் கறுத்த தலைகள், மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி ஜன்னலில் தெரிகிற முகங்கள்போல வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கொசு அளவு உருவம், கொடுக்கும் கிடையாது. ஆனால் ஓர் எறும்பு அந்தக் குழலில் கால் வைக்கட்டும், பிசினைப் பூசி அந்த இடத்திலேயே சிலையாக்கிவிடும். கத்தரீனா இந்தக் காவல்காரர்களுக்கு, ஊர் அதிகாரம் பண்ணுகிற தலைமைக்காரர்களைச் சொல்வதுபோல, ஆராச்சிமார் என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் மஞ்சள் பூந்தூளைக் காலில் அப்பிக்கொண்டு வருகிறவை, வெயில் ஏறியதும் தேன் குடித்துவிட்டு வயிறு மினுங்க வருகிறவை, பின்னேரம் பலாமரத்துப் பிசினைச் சுமந்து வருகிறவை, குப்பையை உருட்டிக் கொண்டுபோய் முற்றத்தில் போடுகிறவை என்று அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

"பாருங்கடி, ஒன்னு சும்மா இருக்குதா?" என்பாள் யார் வந்தாலும். "பெரியவ வீட்டுக்குள்ள இருந்து ஆளணும். எளசுக வெளிய போயி கொண்டாரணும். அதுதான் சட்டம். என் வீட்டுலயும் அதே சட்டம்."

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. கத்தரீனா விடியலில் எழுந்து மாவைக் குழைத்து, இடியப்ப உரலில் பிழிந்து, அவித்து அடுக்குவாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போவது மகள் டொரதி. எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கர்மார் தங்கியிருந்த மெஸ்ஸுக்கும் நாலைந்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு, மார்க்கட்டுக்குப் போய் அரிசியும் தேங்காயும் வாங்கி, மா இடிக்கக் கொடுத்து, அம்மாவுக்குப் புகையிலையும் வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். இருபத்து நாலு வயது. அலுத்துக்கொண்டதே இல்லை. தேன்போன்ற பிள்ளை என்று ஊரே சொன்னது.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை மட்டும் கத்தரீனாவின் வாய் சொன்னதில்லை. புருஷன் செத்த மறுவருஷம் அவள் மார்க்கட்டில் மீன் விலை கேட்டுக்கொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார் பஸ் ஊதுகுழலை அழுத்தியது. துள்ளினாள். துள்ளியவள் மீன்காரனின் சாளைக் கூடைக்குள் போய் உட்கார்ந்தாள். மார்க்கட் முழுக்கச் சிரித்தது. சேலையெல்லாம் செதிலாக அவள் வீடு வந்து சேர்ந்தாள். அதன் பிறகு ஆறேழு வருஷமாக, ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு டொரதியின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைத் தவிர, அவள் சந்து முனையைத் தாண்டவில்லை. விடியற்காலையில் மோட்டார்கள் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் பிறந்தபோது சட்டத்துக்கு ஆபத்து வந்தது. அதன் பெயர் சுவக்கின். மடுல்கெல்லவில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒல்லியாக, உயரமாக, வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. இருபது இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, இருபத்தோராவதைக் கேட்க வெட்கப்படுவான். டொரதிக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவன் வரும் நாளில் சம்பலில் உப்பை இரண்டு தரம் போட்டாள், அதிலேயே தெரிந்துவிட்டது.

கத்தரீனாவுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். மாப்பிள்ளையிடம் ஒரு குறையாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம். இவள் கலியாணம் கட்டி மடுல்கெல்லவுக்குப் போய்விட்டால் கூடையை யார் தூக்குவது, மார்க்கட்டுக்கு யார் போவது என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வெளியே காட்டாமல், "மொதல்ல சொவத்துல தேன் எடுப்போம். எடுத்துட்டு ஓலை போடலாம்," என்றாள்.

ஓலை என்பது கோயிலில் மூன்று ஞாயிறு சுவாமி வாசிக்கிற கலியாண அறிவிப்பு. நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிவிட்டால் கலியாணம் கிடையாது. உயிர்த்த திருநாளான பாஸ்காவரைக்கும் காத்திருக்க வேண்டும். தோட்டத்துத் துரையோ, கலியாணம் கட்டின வாத்தியாருக்குத்தான் வீடு, இல்லாவிட்டால் வேறு வாத்தியார் என்று சொல்லிவிட்டார். ஆகவே வருகிற ஞாயிறு முதல் ஓலை விழுந்தாக வேண்டும். அதற்குச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெண்ணின் தாய் சுவாமியிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். கத்தரீனா தினமும் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். "இன்னும் தேன் நெறையல," என்பாள்.

வியாழக்கிழமை டொரதி கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, ஒங்க வாயால சரின்னு சொல்லாம நான் போகமாட்டேன். சண்ட போடவும் மாட்டேன். ஆனா அந்தத் தேன் நெறையவே நெறையாதுன்னா, இன்னைக்கே சொல்லிடுங்க. அவர வீணா அலைய வைக்க வேணாம்."

அன்று இராச் சாப்பாட்டுக்குக் கத்தரீனா குழைத்த மாவில் வெந்நீர் கூடிப்போய் ஓர் ஈடு இடியப்பம் முழுவதும் களியானது. அவளுடைய வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, டொரதி டவுனுக்குப் போன பிறகு கத்தரீனா தட்டுகளைக் கழுவிக்கொண்டே குழலைப் பார்த்தாள். கை நின்றது. உள்ளே வர வேண்டிய மூட்டை வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்னங்காலில் கறுத்த மெழுகை அப்பிக்கொண்டு ஒன்று கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. ஆராச்சிமார் தடுக்கவில்லை, வழிவிட்டு நின்றார்கள்.

"அடப் பாவிகளா," என்றாள் கத்தரீனா. "காவல்காரனே களவுக்குக் கூட்டா?"

யாரோ தன் தேனீக்களை ஆசைகாட்டி இழுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒருத்தியாக இருந்தால் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். கத்தரீனா இடியப்பக்காரி. மா அரிக்கிற மெல்லிய துணியை எடுத்து, குழல் வாயில் மா படியும்படி நேரே பிடித்துத் தட்டினாள். வெளியே வந்ததெல்லாம் முதுகில் வெள்ளை பூசிக்கொண்டு வந்தது. வெயிலில் பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, பள்ளத்தை நோக்கிப் பறந்தது.

மாச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். வேலியடியில் ஒன்று கண்ணைவிட்டு மறைந்தது. அதே இடத்தில் நின்று அடுத்த வெள்ளைக்குக் காத்திருந்தாள். அது கொய்யாமரத்தைத் தாண்டியது. கொய்யாமரத்தடியில் நின்றாள். அடுத்தது தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு மேலாகப் போனது. பீலியடியில் போய் நின்றாள். இப்படியே ஆகாயத்தைப் பார்த்தபடி, வாயைப் பிளந்தபடி, கள்ளனுக்குப் பின்னால் ஒவ்வோர் அடியாக இறங்கிக்கொண்டே போனாள்.

திடீரென்று காதைப் பிளக்கிற மாதிரி ஊதுகுழல் அலறியது. கத்தரீனா திரும்பக்கூட இல்லை. மாவு அப்பிய கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்க, ஒன்னு வருது," என்றாள்.

பஸ் நின்றது. அதன் பின்னால் வந்த மாட்டு வண்டியும் நின்றது. வெள்ளைப் புள்ளி அவள் தலைக்கு மேலாகப் போய் எதிர்ப்பக்கம் மறைந்தது. அதன் பின்னாலேயே அவளும் போனாள். மறுகரையில் ஏறி நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பேராதனை ரோட்டை, பட்டப்பகலில், தன்னந்தனியாகக் கடந்திருக்கிறாள். ஒரு கூடையிலும் விழவில்லை.

அவள் நின்ற இடம் மர்சூக் நானாவின் நாட்டு மருந்துக் கடை வாசல். கடை வாசலைத் தாங்கிய பழைய பலாமரத் தூணில் ஓர் உளுத்த பொந்து. பொந்தைச் சுற்றிப் புத்தம்புதிய மெழுகு வளையம். முதுகு வெளுத்த கள்ளர்கள் எல்லோரும் சாவதானமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"நானா," என்றாள் கத்தரீனா, மூச்சு வாங்க. "சீனித் தண்ணி வெச்சு இழுத்தீங்களா?"

மர்சூக் நானா சுக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். தலைமுடியெல்லாம் மா. வீட்டை விட்டு இறங்காத மனுஷி தன் கடை வாசலில் நிற்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஈக்கு ஊத்த என்கிட்ட சீனி எங்க இரிக்கி தங்கச்சி? அதுகளாத்தான் வந்த. மக ஊடு கட்டுது."

"மக வீடா?"

"ஓ. உள்ளுக்கு இன்னம் ராணி இல்ல. மெழுகு, பிசின், தேன் எல்லாம் தாய் ஊட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும். ஊடு சரியானாத்தான் இளைய ராணி வரும். அதுக்குப் பொறகும் கொஞ்ச நாளைக்குச் சாமான் வந்துகிட்டே இரிக்கும்."

"அப்ப மூத்த ராணி?"

"அது ஒங்கட சொவத்துலயே இரிக்கும். வயிறு பெருத்த. பறக்க ஏலாது."

கத்தரீனாவுக்கு உயிர் வந்தது. "அதத்தானே நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். ராணின்னா வீட்டுக்குள்ளதான்."

"ராணி முட்ட இடுது. நீங்க என்ன செய்ற?"

"இடியப்பம் பிழியுறேன்."

"அப்ப நீங்க ராணி இல்ல," என்று சொல்லிவிட்டு நானா மறுபடி சுக்கை இடிக்கத் தொடங்கினார்.

கத்தரீனா தூணுக்குக் கிட்டே போனாள். தூணில் ஒரு தேனீ உட்கார்ந்து முதுகிலிருந்த மாவை வழித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். உடம்பு கன்னங்கரேல் என்றிருந்தது. இறக்கையின் ஓரம், பலநாள் துவைத்த சேலைக் கரைபோல, கிழிந்து நார் நாராக இருந்தது. அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும். இத்தனை வருஷம் ஜன்னலுக்குப் பக்கத்தில் பார்த்தவள், இதை ஒருநாளும் பார்க்கவில்லை.

மேட்டில் அவள் ஏறிய வேகத்துக்கு முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. நேரே குசினிக்குப் போய், கத்தி முனையால் சுவரின் மண்பூச்சைப் பெயர்த்தாள். உள்ளே கறுத்த மெழுகில் கட்டிய சின்னச் சின்னக் குடங்கள், வாய்வரை தேன். அது நிறைந்து எத்தனை நாளோ. அதற்கப்பால் முட்டையறைகளின் கொத்து. அங்கே ஊர்ந்து, மெழுகைப் பிசைந்து, அறை கட்டி, குஞ்சுக்குத் தீனி நிரப்பிக்கொண்டிருந்தவை எல்லாம் வேறு நிறம். பால் விட்ட தேத்தண்ணி நிறம், பிறந்து அதிக நாளாகாத உடம்பு, இறக்கையில் ஒரு கீறல் இல்லை. அவற்றில் ஒன்றுகூட குழல் பக்கம் போகவில்லை. குழலுக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் கறுப்பு. வெளியே போய் வருவது அத்தனையும் கிழிந்த இறக்கை.

வெளியே காற்று, மழை, பல்லி, குருவி. அங்கே கிழடுகள்தான் போகும். இளசு உள்ளே பத்திரமாக இருக்கும். அவளுடைய சட்டம் தலைகீழ்ச் சட்டம்.

கத்தரீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் பயத்துக்குத் தேனீயைச் சாட்சி வைத்திருக்கிறாள், அதுவும் பொய்ச் சாட்சி. அந்தப் பயத்தை இத்தனை வருஷமாக மகள் தலையில் கூடையோடு ஏற்றி அனுப்பியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. கையெல்லாம் தேனாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. கூந்தலுக்குள் புகுந்த பத்துப் பதினைந்து தேனீக்கள் கடித்துக்கொண்டிருந்தன. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்சம் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அதுகளுக்கே விட்டு, மண் குழைத்துச் சுவரைப் பூசினாள். டொரதி வந்தபோது மேசைமேல் தேன் போத்தல் இருந்தது. "தேன் எடுத்தீங்களா?" என்றாள் அவள், குரல் அடங்கி. "எடுத்தேன். கொசுத்தேன்தானே, புளிக்குது. நல்லாருக்கு. ஒங்கப்பா சேலை ஒன்னு வாங்கித் தந்தாரே, நீலக் கரை போட்டது, அது எங்க கெடக்கு?" என்று கேட்டாள் கத்தரீனா.

சனிக்கிழமை டொரதி கூடையைத் தூக்கப் போனபோது கூடை அம்மாவின் தலையில் இருந்தது.

"அம்மா, எங்க போறீங்க?"

"பூவுக்கு," என்றாள் கத்தரீனா. "நீ உள்ள இருந்து அடுத்த ஈடு பிழி."

கிளாக்கர்மார் மெஸ்ஸில் கதவைத் திறந்தவர் இராஜரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "டொரதி வரேல்லையோ?"

"நான் அவ அம்மா."

"ஓ, நீங்கள்தானோ எங்களுக்கு இவ்வளவு காலமும் சோறு போட்டனீங்கள்? உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ. நாளைக்கும் வருவியளோ?"

"வருவேன்," என்றாள் கத்தரீனா. சொல்லும்போதே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம் உள்ளங்காலிலிருந்து ஏறியது.

மார்க்கட்டுக்குள் போனாள். அதே மீன்காரன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான், அவ்வளவுதான். எத்தனை இரவு இந்த முகத்தை நினைத்துக் கூனிக் குறுகியிருக்கிறாள். முன்னால் போய் நின்றாள்.

"என்னைய ஞாபகம் இருக்கா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "இல்லியே அக்கா. இந்தப் பக்கம் புதுசா? நல்ல சாளை இருக்கு, பாருங்க."

கத்தரீனாவுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. இவ்வளவு வருஷம் இவனுக்காக வீட்டுக்குள் கிடந்தவளை, இவன் மறந்தே போய்விட்டான். பிறகு சிரிப்பு வந்தது. மார்க்கட் நடுவில் நின்று அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அவள் சாளை வாங்கிக்கொண்டு, கோயில் பக்கமாக நடந்தாள்.

ஞாயிறு பூசையில் சுவாமி பிரசங்கம் முடித்துக் காகிதத்தைப் பிரித்தார். மடுல்கெல்லத் தோட்டத்து சுவக்கினும் கட்டுக்கலை டொரதியும் மெய்விவாகம் செய்யப் போவதாக முதல் ஓலை வாசித்தார். செபமாலை உருட்டிக்கொண்டிருந்த டொரதியின் விரல் நின்றது. மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கத்தரீனா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முக்காட்டின் ஓரம் ஆடியது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா பேர் குடுத்தது?" என்று டொரதி காதோடு கேட்டாள்.

"பேசாம பூசையக் காணு," என்றாள் கத்தரீனா. மகளின் கை வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டது. வழக்கமாக ரோட்டைக் கடக்கப் பிடிக்கிற கைதான் அது. அன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டது மகள்.

தபசு காலத்துக்கு முன்னால் கலியாணம் நடந்தது. சுவக்கின் கோயில் வாசலில் தலையை இடித்துக்கொள்ளவில்லை. வாசல் பெரிது. விருந்து வீட்டில் இடித்துக்கொண்டான்.

பிழிவதற்குச் சந்திலிருந்த தெரேசா என்ற பெண்ணைக் கத்தரீனா சேர்த்துக்கொண்டாள். கூடை மட்டும் கத்தரீனாவின் தலையிலேயே இருந்தது. மர்சூக் நானாவின் தூணில் இப்போது குழல் வளர்ந்து, அதன் வாயில் புது ஆராச்சிமார் உட்கார்ந்திருந்தார்கள். டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவள் அங்கே நின்று, "சுகமா இருக்கீங்களாடி?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவாள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மகளைப் பார்க்க, வத்தேகமைக்கும் பன்விலைக்கும் மேலே ஏறுகிற பஸ்ஸில், ஜன்னலோரம் கத்தரீனா இருப்பாள். முதல் தடவை புது இடியப்ப உரல் ஒன்றைக் கொண்டுபோனாள். அடுத்த தடவை தட்டுகள். பிறகு அம்மி, அதைக் கண்டக்டர் தொப்பென்று தூக்கிப் போட்டதற்காக அவனோடு சண்டை. பிறகு தேன். அன்று தேயிலைக்கு நடுவில் இருந்த வீட்டு வாசலில் டொரதி ஓடிவந்து பையை வாங்கினாள்.

"எதுக்கும்மா இப்படி ஒன்னொன்னாத் தூக்கிட்டு வர்றீங்க? ஒரே தடவையா லொறில அனுப்பக் கூடாதா?"

"வீடு நெறையுற வரைக்கும் இப்படித்தான் வரும்."

டொரதி குனிந்து பார்த்தாள். நீலக் கரைச் சேலையின் ஓரம் பஸ் ஆணியில் மாட்டி ஒரு சாண் கிழிந்து தொங்கியது. "சேல கிழிஞ்சிருச்சேம்மா. கழட்டிக் குடுங்க, தச்சுத் தாறேன்."

கத்தரீனா கிழிசலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்டி," என்றாள். "வெளிய போயிட்டு வர்றதுக்கு இப்படித்தான் கிழியும்."